துவக்குக் கடையில் சிங்கிள் அக்‌ஷன் கேட்டு வந்தவர்கள்

துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்கிற வேலையில், விற்கிற நேரத்தைவிட வாங்க வந்தவரை மறித்துக் கதைக்கிற நேரம்தான் கூட.

நீங்கள் பேக்கரியிலோ, மருந்துக் கடையிலோ, போன் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் என்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும். வருகிறவர் வீட்டிலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுத்தான் வருவார். அவருக்குத் தெரியாத ஒன்றை நாங்கள் சொல்லப்போனால் முகம் கறுத்துவிடும். சொல்லாமல் விட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

நான் சுவிஸில், ஓல்டனில் ஒரு துவக்குக் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். படித்தது இயந்திரத் தொழில். பின்பக்கம் பட்டறையில் பழுது பார்ப்பேன். முன்பக்கம் ஆள் இல்லாத நேரம் கவுண்டரில் நிற்பேன். எங்களிடம் வருபவர்களில் அநேகம் பேர் வேட்டைக்காரரும் சுடும் கழகத்துக்காரரும்தான். அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. இங்கே நான் சொல்லப்போவது, சிங்கிள் அக்‌ஷன் ரிவோல்வரை உடுப்புக்குள் மறைத்துத் தற்பாதுகாப்புக்குக் கொண்டு திரிய நினைத்த சிலரைப் பற்றி.

சிங்கிள் அக்‌ஷன் என்றால் பழைய காலத்து வகை. ஒவ்வொரு தடவையும் பின்னாலுள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் விசையை அழுத்தினால் வெடிக்கும். குண்டுகளையும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். பார்க்க அழகான சாமான், அவசரத்துக்குச் சரிவராது. அதோடு இந்த நாட்டில் துவக்கு வாங்க ஒரு அனுமதி, அதைக் குண்டோடு தெருவில் கொண்டு திரிய இன்னொரு அனுமதி. இரண்டாவதை, தனக்கு உண்மையாகவே ஆபத்து இருக்கிறது என்று காட்டி, பரீட்சையும் எழுதியவருக்குத்தான் கொடுப்பார்கள். சாதாரண ஆளுக்கு அநேகமாகக் கிடைக்காது.

மேல்பொத்தான்

ஏர்வின் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கழகத்தில் ஒரு காலத்தில் சிங்கிள் அக்‌ஷன் சுடுவதில் கெட்டிக்காரர். ஒருநாள் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கும்போது யாரோ அவருடைய போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அடுத்த கிழமையே மனைவியோடு வந்து, குளிர் ஜாக்கெட்டுக்குள் இடுப்பில் போடுகிற தோல் உறை கேட்டார். அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். நான் மேசை லாச்சியைத் திறந்து, பயிற்சிக்கு வைத்திருக்கும் செம்மஞ்சள் பிளாஸ்டிக் ரிவோல்வரை எடுத்து, ஒரு உறையோடு கொடுத்தேன். “நாயோடு போவது மாதிரி நில்லுங்கள். ஜாக்கெட் பூட்டியிருக்கட்டும். நான்தான் கள்ளன்” என்றேன். நாய்க்கயிற்றுக்குப் பதிலாக மனைவி தன் குடையின் ஒரு முனையைப் பிடிக்கக் கொடுத்தார்.

நான் கவுண்டரைச் சுற்றி வந்து அவர் மூக்குக்கு நேரே நின்றபோது, அவர் இன்னும் ஸிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை ஸிப் திறந்தது. சுத்தியலை இழுக்கப் பெருவிரல் வளையவில்லை. மூன்றாம் முறை குடை கீழே விழுந்தது. “பழகினால் சரிவரும்” என்று அவர் சிரித்தார். மனைவி குனிந்து குடையை எடுத்தபடி கேட்டார்:

“ஏர்வின், இன்று காலை உன் சேட்டின் மேல்பொத்தானைப் பூட்டிவிட்டது யார்?”

கைப்பைக்குள்

ஒரு காலை, கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்தார். வயது நாற்பது இருக்கும். சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையில் பராமரிப்பு இல்லத்தில் வேலை என்று தெரிந்தது. கைப்பைக்குள் வைக்க ரிவோல்வருக்கு ஒரு உறை வேண்டும் என்றார். எந்த வகை என்று கேட்டேன். பையைத் திறந்து கவுண்டரில் வைத்தார். ஒரு சான்ட்விச், கடதாசிக் கைக்குட்டை, தலை சீப்பு, அவற்றுக்கு நடுவில் தகப்பன் விட்டுப்போன பழைய சிங்கிள் அக்‌ஷன்.

நான் அதை எடுத்து நிலத்துப் பக்கம் திருப்பி, பக்கத்திலுள்ள சின்னக் கதவைத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று குண்டுகள் வெளியே வந்தன. ஆறாவதும் வந்தது. அந்தக் காலத்து மொடலில் சுத்தியல் நேரே குண்டின் மேல்தான் படுத்திருக்கும். பை கீழே விழுந்தாலே போதும். யாரும் விசையைத் தொடத் தேவையில்லை. இதைச் சொன்னபோது அவர் என்னை நம்பாமல் பார்த்தார். “ரயிலில் மேல் தட்டிலிருந்து பை விழுந்தாலுமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அப்படியே பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிரிந்துபோன கணவன் வேலைத்தலத்தின் வாசலிலும் ரயில் நிலையத்திலும் வந்து நிற்கிறான் என்று பிறகு சொன்னார். என் முதலாளி ஹன்ஸ்ரூடி பட்டறையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் சத்தம் போடவில்லை. குண்டோடு கொண்டு திரிந்தது குற்றம் என்பதை மட்டும் ஒரு தரம் தெளிவாகச் சொல்லிவிட்டு, ரிவோல்வரை வாங்கிப் பூட்டி வைத்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிற ஆலோசனை நிலையத்துக்குப் போன் எடுத்து, தன் காரிலேயே அவரைக் கொண்டுபோய் விட்டார். கணவன் கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வந்தது. அவன் அதை மீறினான். பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்தப் பெண் வேறு ஊருக்கு மாறினார். எட்டு மாதம் கழித்து, ரிவோல்வர் இனி வேண்டாம் என்று கையெழுத்துப் போட வந்தபோது அவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தலைமுடி வெட்டியிருந்தார், நிமிர்ந்து நடந்தார். பேனையை மூடும்போது சொன்னார்:

“மூன்று கிழமை அவன் வருவான் வருவான் என்று இதைத் தூக்கித் திரிந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்களை நான் ஒருநாளும் நினைக்கவில்லை.”

என் இடுப்பில் ஒருநாள்

“வருகிற எல்லோருக்கும் புத்தி சொல்கிறாய், நீ ஒருநாளாவது போட்டுப் பார்த்தாயா?” என்று ஹன்ஸ்ரூடி கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த நாள் குண்டில்லாத சிங்கிள் அக்‌ஷன் ஒன்றை இடுப்பில் செருகி, மேலே சேட்டை விட்டுக்கொண்டு வேலை செய்தேன், கடைக்குள் மட்டும். கதிரையில் இருந்தால் பிடி விலாவில் குத்தியது. கீழ்த்தட்டில் சாமான் எடுக்கக் குனிந்தால் குழாய் தொடையில் இடித்தது. சேட்டு ஒதுங்கிவிட்டதோ என்று நிமிடத்துக்கு ஒரு தரம் இழுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு நோவு பழகிவிட்டது. பழகாத ஒன்று இருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. பின்னேரம் தபால்காரி மோனிக்கா பார்சல்களோடு வந்தார். ஒன்பது வருடமாகத் தெரிந்தவர். தன் மகளின் படிப்பு, மாமியாரின் முழங்கால் எல்லாம் எனக்குச் சொல்வார். அன்றும் ஏதோ சொல்லிக்கொண்டே கையெழுத்துக் கருவியை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டார். பிறகு பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்:

“இன்று உனக்கு என்ன நடந்தது? நான் கதைக்க நீ என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிறாய்.”

எம்மன்புரூக்கேயிலிருந்து வந்த அண்ணை

துவக்குக் கடையில் ஒரு தமிழ்ப் பொடியன் நிற்கிறான் என்று யாரோ சொல்லி, எம்மன்புரூக்கேயில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கணேசண்ணை தேடி வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சிங்கிள் அக்‌ஷனைக் காட்டினார். “தம்பி, அந்தப் பழசு போதும். ஜாக்கெட்டுக்குள்ள வைக்கலாம்தானே?”

“அண்ணை, உங்களிட்ட என்ன பாஸ்போட்?”

“சிறிலங்கா. முப்பது வருசமா சி பெர்மிட்.”

சி பெர்மிட் என்றால் இங்கே நிரந்தரமாகத் தங்கலாம், குடியுரிமை இல்லை. எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் இங்கே துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ சட்டம் விடாது. நானும் சுவிஸ் குடியுரிமை எடுத்த பிறகுதான் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் வர முடிந்தது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கதைத்தார். இரண்டு மாதத்துக்கு முதல் ஒரு பின்னேரம், இரண்டு பேர் கத்தியோடு கடைக்குள் வந்து அவருடைய போனையும் கைமணிக்கூட்டையும் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மனைவி வசந்தியக்கா கல்லாவில் நின்றிருக்கிறார்.

“நான் மரம் மாதிரி நிண்டனான் தம்பி. அவள் அதைப் பாத்துக்கொண்டு நிண்டவள். இண்டைக்கு வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு.”

நான் வாயைத் திறக்க முதல் கதவு திறந்தது. காரில் காத்திருந்த வசந்தியக்கா, பார்க்கிங் நேரம் முடியப் போகிறது என்று சொல்ல வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“இறைச்சிக் கத்தி சாணை பிடிக்கவெண்டெல்லோ சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

அண்ணை நிலத்தைப் பார்த்தபடி உண்மையைச் சொன்னார். எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை; பட்டறைக்குள் போனாலும் கேட்கும். வசந்தியக்கா கைப்பையைக் கவுண்டரில் வைத்தார். “அண்டைக்கு உங்களைப் பாத்துத்தான் நானும் அசையாமல் நிண்டனான். நீங்கள் பாய்ஞ்சிருந்தா நானும் பாய்ஞ்சிருப்பன். அவங்கட கத்தி எனக்குக் கிட்டத்தான் இருந்தது, தெரியுமோ?” என்றார்.

அண்ணை நிமிர்ந்தார். “அப்ப ஏனப்பா இவ்வளவு நாளும் ஒண்டும் கதைக்கேல்லை?”

“நீங்கள் வெக்கப்பட்டுக்கொண்டு திரியிறியள் எண்டு எனக்குத் தெரியும். கதைச்சா இன்னும் வெக்கப்படுவியள் எண்டுதான் பேசாமல் இருந்தனான்.”

கார்த் திறப்பு (சாவி)

கடைசியாக, உண்மையாகவே அனுமதி வைத்திருந்த ஒருவர். விலை கூடிய மணிக்கூடுகளைப் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. புதிய வகைத் துவக்குகள் எத்தனையோ இருக்க, பன்னிரண்டு வருடம் சிங்கிள் அக்‌ஷன்தான் கொண்டு திரிந்தார். வருடத்துக்கு ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து சரிபார்ப்பார். ஐந்து குண்டு போட்டு, சுத்தியலின் கீழே வெறும் அறை விடுகிற ஆள். “இது ஆறுதலான, அவசரப்படாத சாமான், அதனால்தான் பிடிக்கும்” என்பார். நான் அதை ஒரு பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன்.

போன பனிக்காலத்தில் வந்து, விற்றுவிடு என்று கவுண்டரில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் நடந்ததைச் சொன்னார். பின்னால் ஒருவன் வேகமாக ஓடி வந்திருக்கிறான். இவர் திரும்பி, ஜாக்கெட்டுக்குள்ளேயே பிடியைப் பிடித்து, பெருவிரலைச் சுத்தியலில் வைத்துவிட்டார். இழுக்கவில்லை, வைத்ததோடு சரி. ஓடி வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்க வாங்க, கையை நீட்டினான். நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றேன். அவர் தன் வலது பெருவிரலை இடது கையால் தேய்த்தபடி சொல்லி முடித்தார்:

“அவன் ‘ஐயா, உங்கள் கார்த் திறப்பு விழுந்துவிட்டது’ என்று சொல்லி முடிக்கும் வரைக்கும் இந்த விரல் அங்கேதான் இருந்தது.”

சிங்கிள் அக்‌ஷன் கேட்டு வந்தவர்களில் அநேகம் பேரைக் கதைத்துக் கதைத்தே வெறுங்கையோடு அனுப்பிய ஒருவனை ஹன்ஸ்ரூடி ஏன் இன்னும் கவுண்டரில் நிற்க விட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அவருக்கு ஞாபகப்படுத்தியது போல் ஆகிவிடும் என்று நானும் கேட்பதில்லை.