சப்பாத்துப் பொலிஸ்

தோர்ண்டன் ஹீத்தில் கனகாம்பிகையின் வீட்டுக்குள் சப்பாத்துக் காலோடு நுழைந்தவர் எவருமில்லை. பொயிலர் திருத்த வந்தவனும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் மாடிக்குப் போனான். ஒருமுறை வீட்டிலக்கம் மாறி வந்து கதவைத் தட்டிய பொலிஸ்காரர் இரண்டு பேர், அவளுடைய வரவேற்பறையில் வெறும் சொக்ஸோடு நின்றுதான் மன்னிப்புக் கேட்டார்கள். அதில் ஒருவருடைய சொக்ஸில் ஓட்டை இருந்ததை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர்தான் 'சப்பாத்துப் பொலிஸ்'. முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஆனாலும் அது அவள் காதுக்கு எட்டியிருந்தது. எட்டியதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் கூட.

கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சப்பாத்துத் தட்டுத்தான். அதற்கு அப்பால் எல்லோருக்கும் வெறுங்கால். வீட்டுக்குள் போடும் செருப்புக்கூட அவளிடம் செல்லாது. சமையலறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இட நெருக்கடியில் சாமி படங்களையும் அங்கேயே ஒரு தட்டில் வைத்திருந்தாள். அடுப்பும் சாமியும் ஒரே அறையில் இருக்கும்போது அங்கே செருப்பா? சும்மா இருங்கள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கால் பெருவிரலில் வில்லங்கம் வந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வருடக்கணக்காக நின்ற நிலையில் வேலை செய்தவள் அவள். இடது கால் பெருவிரலின் மூட்டு தேய்ந்து, தேய்ந்து, கடைசியில் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது. வலிக்குப் பயந்து காலைச் சரித்து நடந்ததில் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து முறையிடத் தொடங்கின. ஒப்பரேஷன் செய்தால் விரல் இனி மடங்காது, ஆனால் வலியும் இராது என்றார் டொக்டர் வைத்தியநாதன். சென்னைக்காரர், நிதானமான மனிதர். தேய்ந்த மூட்டைச் செதுக்கி எடுத்து, இரண்டு எலும்பையும் தகடும் திருகாணியும் போட்டு ஒன்றாகப் பொருத்தினார். குதிக்காலில் மட்டும் பாரம் விழும்படியான, கட்டை போன்ற ஒரு சப்பாத்தைக் கொடுத்து, எலும்பு ஒட்டும் வரைக்கும் நடக்கும்போதெல்லாம் இது காலில் இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கனகாம்பிகை ஒழுங்காகத் தலையாட்டினாள். நடக்கும்போதெல்லாம் என்றால் வெளியில் நடக்கும்போதெல்லாம் என்றே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் சப்பாத்துப் போடச் சொல்லி ஒரு தமிழ் டொக்டர் சொல்லுவார் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கணவர் அம்பலவாணனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் குனிந்து அந்தக் கட்டைச் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள். கட்டுப்போட்ட காலோடு உள்ளே போனாள்.

அந்த வாரம் யோகமலர் வந்தாள். அம்பலவாணனின் தங்கை, கனகாம்பிகைக்கு மச்சாள். கையில் பத்தியக் கறி, இன்னும் சூடாக.

"உள்ள வாங்கோவன் மச்சாள்."

"இல்லை மச்சாள், நேரமில்லை. கார் பிழையான இடத்தில நிக்குது. நீங்கள் காலைப் பாத்துக்கொள்ளுங்கோ."

பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டாள். கறி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கனகாம்பிகைக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"பாத்தீங்களே? நாலு வருசமா உங்கட தங்கச்சி வாசலோட நிண்டு கதைச்சுப்போட்டுப் போறா. பேர்லியில பெரிய வீடு வாங்கினாப் பிறகு எங்கட வீடு அவவின்ர கண்ணுக்குப் பிடிக்குதில்லை."

"அவள் அப்பிடிப்பட்ட ஆளில்லை, கனகம்."

"நீங்கள் ஒரு நாளும் விட்டுக்குடுக்க மாட்டியள்."

அம்பலவாணன் மிச்சக் கறியை மூடி வைக்க எழுந்து போனார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் நன்றாகப் பழகிய வித்தை அது.

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, வைத்தியநாதன் வெகுநேரம் பார்த்தார். இரண்டு எலும்புக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு, சரியாகச் சாத்தாத கதவின் இடுக்குப்போலத் தெரிந்தது. ஒட்டவில்லை. அவர் கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. வீட்டுக்குள்ள அந்த ஷூவைப் போடறீங்களா?"

"வீட்டுக்குள்ள என்னண்டு டொக்டர் சப்பாத்துப் போடுறது?"

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நெனச்சேன். எங்க அம்மாவும் இதேதான் செய்வாங்க. எலும்புக்கு வீடு, தெருன்னு வித்தியாசம் தெரியாதும்மா. நீங்க அடுப்படியில நிக்கற ஒவ்வொரு தடவையும் அது அசையுது. இன்னும் ஆறு வாரம் பார்ப்போம். அப்பவும் ஒட்டலேன்னா, இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து வெச்சு மறுபடியும் ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்."

திரும்பி வரும் வழியெல்லாம் கனகாம்பிகை கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் வழக்கம்போலக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். கழற்றினால் இடுப்பு வெட்டு. கழற்றாவிட்டால் இத்தனை காலம் கட்டிக் காத்த மானம்.

அம்பலவாணனுக்குத்தான் யோசனை வந்தது. மகன் நிசாந்தன் எங்கோ ஹோட்டலில் தங்கியபோது எடுத்து வந்த குளியல் தொப்பிகள் மாடியில் கிடந்தன. ஒன்றைக் கொண்டுவந்து, மனைவியின் காலடியில் உட்கார்ந்து, சப்பாத்துக்கு அதை மாட்டிவிட்டார். பூப்போட்ட தொப்பி. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தெருப்புழுதி நிலத்தில் படாது.

இந்த ஏற்பாட்டில் அவள் வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் போனாள். சமையலறைக்கு மட்டும் தொப்பியும் செல்லாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சாமி இருக்கிற இடம். அதனால் சமையலறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அம்பலவாணன் சமைத்தார். வெளியே இருந்து அவள் அதிகாரம் செய்தாள்.

"உப்பைக் கையால அள்ளாதையுங்கோ! விளக்குத் திரியை இன்னும் கொஞ்சம் உள்ள இழுங்கோ. ஐயோ, சொதியைக் கொதிக்க விடுறீங்களே!"

"நீர் சும்மா இரும். நான் பாக்கிறன்."

பார்த்தார்தான். தேங்காய்ப்பால் சொதி திரைந்தது. கடலைக் கறியில் கடலை கல்லாகக் கிடந்தது. கனகாம்பிகை குறை சொல்லாமல் சாப்பிட்டாள். குறை சொல்லாதது கண்டே அவர் பயந்துபோனார். உண்மையில் அவளுக்குள் வேறு ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. எலும்பு ஒட்டாவிட்டால்? ஒட்டினாலும், இனி வாழ்நாள் முழுக்க இப்படித் தன்னுடைய சமையலறையைத் தானே வாசலில் இருந்து பார்க்க வேண்டி வந்துவிட்டால்? அதை நினைக்கும்போதெல்லாம் விரல் வலியைவிட அது அதிகமாக வலித்தது.

அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும்போது அவள் கைப்பைக்குள் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. வைத்தியநாதன் திரையைப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கமே திருப்பினார். கறுப்புக் கோட்டைக் காணவில்லை.

"பொருந்திடுச்சும்மா. நல்லா ஒட்டியிருக்கு."

கனகாம்பிகைக்கு அழுகை வந்துவிட்டது. அம்பலவாணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு டொக்டருக்கு நாலு தரம் நன்றி சொன்னார்.

"ஒரு விஷயம்," என்றார் டொக்டர். "வெறுங்கால்ல ரெண்டடி நடந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா மணிக்கணக்கா நின்னு சமைக்கணும்னா, அடி வளையாத, முன்பக்கம் அகலமான ஷூ போட்டுக்கணும். வீட்லயும்தான். இல்லேன்னா பக்கத்து மூட்டெல்லாம் தேய ஆரம்பிச்சிடும். கீழ சப்பாத்து செக்‌ஷன் இருக்கு, போய்க் கேளுங்க."

சப்பாத்து என்று அவளுக்காகவே அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. சொன்ன விஷயம்தான் பிடிக்கவில்லை.

அம்பலவாணன் காரைப் பார்க்கப் போக, அவள் மட்டும் கீழே இறங்கினாள். திரை விலகியிருந்த ஒரு சின்ன அறையில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொண்டையை எங்கே கண்டாலும் கனகாம்பிகைக்குத் தெரியும்.

"மச்சாள்?"

யோகமலர் திடுக்கிட்டுத் திரும்பினாள். கால்களை உள்ளே இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை. வலது கால் ஒரு தாழ்ந்த பலகையில் வெறுமையாக இருந்தது. அதில் பெருவிரல் இல்லை. அடுத்த விரலும் இல்லை. இருந்த இடம் மழுங்கிப் போய், பழைய தழும்போடு கிடந்தது.



"சீனி வருத்தம்தான் மச்சாள்," என்றாள் யோகமலர். "புண் வந்து ஆறேல்லை. எடுத்துப்போட்டினம்."

"எப்ப?"

"நாலு வருசமாகுது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? அண்ணைக்குக்கூடச் சொல்லேல்லையே!" கனகாம்பிகைக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"சொன்னால் எல்லாரும் காலைத்தானே பாப்பினம். எனக்கு அது ஏலாது." யோகமலர் பக்கத்தில் இருந்த சப்பாத்தை எடுத்துக் காட்டினாள். முன்பக்கம் பஞ்சும் தோலுமாக அடைத்து, அடி தடித்து, கனமாக இருந்தது. "இது இருந்தால் நேரா நடப்பன். கழட்டினால் சரிஞ்சு விழுந்திடுவன். உங்கட வாசலில அந்தத் தட்டைக் காணேக்க, கழட்டவும் ஏலாது, கழட்டாமல் வாறன் எண்டு கேக்கவும் ஏலாது. அதுதான், கார் பிழையான இடத்தில நிக்குதெண்டு…"

கனகாம்பிகையின் கோபம் போன இடம் தெரியவில்லை. பத்தியக் கறியைக் கொண்டுவந்து கொடுத்த கை. பேர்லி வீட்டைச் சொல்லித் தான் பேசிய பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து யோகமலரின் கையைப் பிடித்தாள்.

கடைசியில் கேட்டது இதுதான்: "நல்ல சப்பாத்து எங்க வாங்கலாம் எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

யோகமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். தெரியாமலா! அம்பலவாணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருவரும் யோகமலரின் காரில் குறொய்டனுக்குப் போனார்கள். கடையில் யோகமலர் அழகைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு சப்பாத்தையும் இரண்டு கையாலும் பிடித்து முறிக்கப் பார்த்தாள். வளைந்தவை எல்லாம் திரும்பத் தட்டுக்குப் போயின. விற்பனைப் பெண் முகத்தைச் சுளித்தாள். யோகமலர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இதைப் போடுங்கோ மச்சாள்."

கறுப்பு நிறம். முன்பக்கம் அகலம். வள்ளத்தின் அடிபோல வளைந்த அடிப்பாகம். வடிவு என்று வாய்தவறியும் சொல்ல முடியாது. கனகாம்பிகை போட்டுக்கொண்டு எழுந்தாள். ஓரடி வைத்தாள். விரல் மடங்கவில்லை, மடங்க வேண்டிய தேவையும் இல்லை. சப்பாத்தே அவளை முன்னுக்கு உருட்டிவிட்டது. கடையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினாள். வலி வரும் என்று பல்லைக் கடித்தபடி நடந்தவள், பாதி வழியில் கடித்த பல்லைத் தளர்த்தினாள். வலி வரவில்லை. இப்படி நடந்து எவ்வளவு காலம்! சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் நடந்தாள்.

"வீட்டுக்கும் ஒரு சோடி எடுங்கோ," என்றாள் யோகமலர். "தெருவில படாத சப்பாத்து. குசினிக்கு மட்டும்."

நல்ல யோசனை. தெரு மிதிக்காத சப்பாத்தென்றால் சாமியும் கோபிக்க மாட்டார். போட்டிருந்ததைக் கழற்றாமலே, பெட்டியோடு இன்னொரு சோடியை வாங்கிக்கொண்டாள். இனித் தன்னுடைய அடுப்பில் தானே சமைக்கலாம். நெஞ்சு லேசாகிவிட்டது.

வீட்டு வாசலில் கார் நின்றது. யோகமலர் கதவடி வரைக்கும் வந்து பெட்டியைக் கொடுத்தாள். வழக்கமான இடத்தில் வழக்கம்போல நின்றாள்.

"அப்ப வாறன் மச்சாள்."

கதவு திறந்திருந்தது. அம்பலவாணன் வாசலில் நின்றார். கனகாம்பிகை தட்டைப் பார்த்தாள். செய்ய வேண்டியது சுலபம்: உட்கார்ந்து, காலில் இருப்பதைக் கழற்றி, பெட்டியில் இருப்பதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். பெட்டியைத் திறக்கக்கூடச் செய்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். மாற்றிப் போட யோகமலரிடம் வேறு சோடி இல்லை. தான் இங்கே உட்கார்ந்து கழற்றினால், அவள் அங்கேயே நிற்பாள். இன்னும் நாலு வருடம் நிற்பாள்.

பெட்டியை மூடி, தட்டின் மேல் வைத்தாள்.

"மச்சாள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். சப்பாத்தோடயே வாங்கோ."

சொல்லிவிட்டு, கார் தரிப்பிடமும் குறொய்டன் தெருவும் மிதித்த சப்பாத்தோடு, தட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

"கனகம், சப்பாத்து!" என்றார் அம்பலவாணன்.

"கண் தெரியுது எனக்கு. தள்ளுங்கோ, அவ வரட்டும்."

நேரே சமையலறைக்குப் போனாள். கேத்திலை வைத்தாள். பின்னால் கனத்த காலடி மெதுவாக வந்து, சமையலறை வாசலில் நின்றது.

"மச்சாள், இஞ்ச சாமியெல்லே இருக்கிறார்."

"இருக்கட்டும். அவரும் உங்களைக் கண்டு நாலு வருசம்."

யோகமலர் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை, அந்தத் தடித்த சப்பாத்தோடு, முதலில் உள்ளே வைத்தாள்.