புது டிஸ்க்கும் அண்ணனின் கிரீஸ் டப்பாவும்

மூன்று மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. இரண்டேகால் ஆகியும் என் லேப்டாப்புக்கு உயிர் வரவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இன்று புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் மாட்டினேன். ஆன் செய்தால், டிஸ்க்கையே காணோம் என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி.

பழையதையே திரும்ப மாட்டினேன். அதற்கும் அதே வரி.

அப்போதுதான் விரலைப் பார்த்தேன். மஞ்சளாகப் பிசுபிசுவென்று என்னவோ.

பக்கத்தில் அண்ணன். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் போட் ஓட்டுகிறவன்.

“இன்னாண்ணா பண்ண இதுல?”

“நீ டீ போடப் போனப்போ, மாட்ற எடத்துல கொஞ்சம் கிரீஸ் தடவுனேன்மா. உப்புக்காத்துல துரு புடிச்சிடும்னுதான். போட் பேட்டரிக்கு தடவுறோம் இல்ல?”

கத்துவதற்குக்கூட நேரமில்லை. காயத்துக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, மாட்டும் இடத்தைத் துடைத்தேன்.

“பெட்ரோல் எடுத்தாரட்டா?” என்றான். நான் பார்த்த பார்வையில் கிரீஸ் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு லேப்டாப் ஆன் ஆனது.

இன்டர்வியூவில் கடைசிக் கேள்வி: “கூட வேலை செய்பவர் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?”

“கோபப்படாமல் பொறுமையாகப் பேசுவேன்” என்றேன்.

லேப்டாப்புக்குப் பின்னால் நின்ற அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

வேலை கிடைக்குமா? நீங்களே சொல்லுங்கள்.