வாய்வு என்று சொன்ன அருந்ததி

நீர்வேலி அருந்ததிக்குப் பயம் கூடப் பிறந்தது. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள், வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் 1986இல் வந்த பயத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கணவன் தில்லைநாதன் வாழைத் தோட்டக்காரன். நெஞ்சு அடைக்கிறது என்றவனைக் கொக்குவிலில் நாகலிங்கம் டொக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கே லண்டனிலிருந்து புது மெசின் ஒன்று வந்திருந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டினால் இதயத் துடிப்பைக் கோடாகக் கீறி, இன்ன வருத்தம், இன்ன நோய் என்று தானே எழுதியும் தருமாம்.

கடதாசியைப் பார்த்த டொக்டர், எங்கள் ஊர் வழக்கப்படி வருத்தக்காரனை வெளியே இருத்திவிட்டுப் பெண்சாதியை உள்ளே கூப்பிட்டார்.

“பிள்ளை, இதயத்துக்கு ரத்தம் போறது காணாது எண்டு மெசின் எழுதியிருக்கு. எனக்கெண்டால் கோட்டிலை அவ்வளவாத் தெரியேல்லை. உது பிழையாயும் சொல்லும். எதுக்கும் பெரியாஸ்பத்திரியிலை காட்டுங்கோ. அதுவரைக்கும் பாரமான வேலை வேண்டாம்.”

பெரியாஸ்பத்திரி யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிட்ட. அந்தக் கிழமை முழுக்கக் கோட்டையிலிருந்து ஆமிக்காரர் செல் குண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிப்போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். டொக்டரே சந்தேகப்படுகிறார், மெசினுக்கு என்ன தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் வருத்தக்காரன் அந்த ஏக்கத்திலேயே போய்விடுவான் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. வெளியே வந்து சிரித்தாள்.

“வாய்வாம். உள்ளிப்பூண்டு அவிச்சுக் குடிக்கட்டாம்.”

தில்லைநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நாளே மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினான்.

“இண்டைக்கு விடுங்கோவன்.”

“வாய்வுக்கு உடம்பு முறிய வேலை செய்தால்தான் நல்லது.”

அவன் மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சமையலை விட்டுவிட்டு வரம்பிலேயே நின்றாள். ஒருமுறை குனிந்தவன் நிமிரச் சுணங்கினான். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“இஞ்சேருங்கோ, அதை எறியுங்கோ! நான் பொய் சொன்னனான். வாய்வில்லை, இதயத்திலை பழுதெண்டு மெசின் எழுதினது!”

அவன் கோபிக்கவில்லை. மண்வெட்டியை விட்டுவிட்டு வாழையடியில் மெதுவாகக் குந்தினான். முகம் வேர்த்து ஒழுகியது.

“விடிய எழும்பினதிலையிருந்து நோகுது, அருந்ததி. நீ வாய்வெண்டாய். அதுதான் நான் சொல்லேல்லை.”

கார் வைத்திருக்கும் ஏரம்புவின் பெயரைக் கத்திக்கொண்டு அவள் வெறுங்காலோடு ஒழுங்கை வழியே ஓடினாள். கோட்டைப் பக்கம் செல் வெடிக்கும் சத்தம் கேட்டது. ஓட்டத்தை அவள் நிறுத்தவில்லை.