வெள்ளப் படம் முடியட்டும்

அறுபதுகளில் பம்பாய் தியேட்டர்களில் சினிமாவுக்கு முன்னால் ஒரு குறும்படம் காட்டுவார்கள். அதைத் தயாரிக்கும் இடத்தில் எனக்குத் தமிழ் டைப்பிஸ்ட் வேலை. ஒரு வருஷம் காட்டு விலங்குகளைப் பற்றி வரிசையாகப் படங்கள் வந்தன. இங்கிலீஷ் வர்ணனைக்குத் தக்கபடி எடிட்டர் படத்தை வெட்டி ஒட்டிவிடுவார். தமிழ் அப்புறம்தான். அங்கேதான் வம்பு.

தமிழில் வினை கடைசியில் வரும். 'புதருக்குள் பதுங்கியிருந்த புலி, தண்ணீர் குடிக்க வந்த மானின் மேல்' என்று வாசிப்பதற்குள் புலி வேலையை முடித்திருக்கும். 'பாய்கிறது' என்னும்போது திரையில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருக்கும். எடிட்டர் தமிழையே திட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சும்மா நேர அளவு பார்க்க என்னை வாசிக்கச் சொன்னார்கள். அப்பா ஞாபகம் வந்தது. தாராவியில் தோல் பட்டறையில் இருந்த அப்பா, வினையை முன்னால் போட்டுத்தான் எதையும் சொல்வார். "போயிட்டான் பாரு பஸ்காரன்." "வந்துட்டான் பாரு வாடகைக்காரன்." நானும் "பாயுது பார் புலி" என்றேன். சொல்லும் புலியும் சேர்ந்தே பாய்ந்தன. இந்தக் குரலே இருக்கட்டும் என்றார் எடிட்டர். அதுவரை அங்கே ஆம்பிளைக் குரல்தான்.

மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் ஞாயிறு காலை ஒரே ஒரு காட்சி தமிழ்ப் படம் ஓடும். அந்த வாரம் அதோடு எங்கள் புலியும் வந்தது. அப்பா பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

குறும்படத்துக்கு அப்பா வைத்திருந்த பேர் வெள்ளப் படம். எப்போது பார்த்தாலும் எங்காவது வெள்ளம். மந்திரி படகில் போவார். அது முடியும்வரை வெளியே டீ குடிப்பது அவர் வழக்கம். அன்றும் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துவிட்டு, "வெள்ளம் வடியட்டும்ளா, வாரேன்" என்று கிளம்பினார்.

'இருங்கப்பா' என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். நானோ, "அந்த வெள்ளப் படத்துக்குப் பதிலாத்தாம்ப்பா இன்னைக்கு எங்க புலிப் படம்" என்று ஆரம்பித்தேன். 'வருது' என்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். விளக்கும் அணைந்துவிட்டது.

தியேட்டர் முழுக்க என் குரல். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்படியே ஒங்க அப்பா பேச்சுல்லா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தபின் அப்பா இருட்டில் தடவித் தடவி வந்து உட்கார்ந்தார்.

"வடிஞ்சிட்டா? உன் புலி எப்பம்ளா வரும்?"

"முடிஞ்சிட்டுப்பா" என்றேன். சினிமா பாதி ஓடும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மறுவாரம் புலிப் படத்தின் தமிழ்ப் பிரதி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. வாசிக்கிறவருக்குத் தொண்டையும் சரியாகிவிட்டது. பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதன்பின் அப்பா டீ குடிக்க எழுந்ததே இல்லை. சாகும்வரை எல்லா வெள்ளப் படத்தையும் முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தார். ஒன்றிலும் நான் இல்லை.