சட்டைக்குள் கட்டிய படங்கு

2008ஆம் ஆண்டு. இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரரின் பையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருகிற காலம். யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானும் தம்பியும் அவிசாவளைக்குப் பல் பிடுங்கப் புறப்பட்டோம். பல் அவனுடையது. கன்னம் வீங்கி, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தான்.

தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை என்று இறங்கினால் இரண்டு ஆள் வேலை செய்வான். ஆனால் சத்தம் மட்டும் ஆகாது. நாங்கள் இருந்த லயத்து வீட்டின் தகரக் கூரையில் மழை அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒண்டிவிடுவான். யார் கையாவது லேசாகப் பட்டால் சுட்டதுபோலத் துடிப்பான். தாங்க முடியாத கட்டம் வந்தால் ஓட்டம்தான். எங்கே, எதற்கு என்றெல்லாம் கிடையாது. ஒரு திருவிழாவில் வெடி போட்டபோது ஓடியவனை ஆற்றங்கரையில் போய்ப் பிடித்தோம். தோட்டத்தில் அவனுக்கு 'அரை லூசு' என்று பேர் வைத்து வேலையை முடித்துவிட்டார்கள். ஓட்டிசம் என்ற சொல்லை நாங்கள் கேள்விப்பட்டது பல வருஷம் கழித்து.

அவனுக்கான மருந்தை அவனே கண்டுபிடித்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றி ஒரு முரட்டுத் துணி கட்டுவார்கள், படங்கு என்போம். ஒரு மழை நாளில் அம்மா அவிழ்த்துப் போட்ட படங்கை எடுத்து, மூச்சு முட்டுகிற அளவுக்கு வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு ஆடுவது நின்றது. லேசான தொடுதல்தான் அவனுக்குப் பகை, அழுத்தம் நல்லது என்று எங்களுக்குப் புரிந்தது அன்றுதான். அதன்பிறகு காலையில் கட்டுவதும், சாயந்தரம் நான் சொன்னதும் அவிழ்த்து மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பதும் பழக்கமாகிவிட்டது. ஆம்பிளை படங்கு கட்டினால் பஜாரே சிரிக்கும். அதனால் வெளியே போகும்போது சட்டைக்குள் கட்டி அனுப்புவோம். அந்தக் காலத்தில் அது பார்ப்பவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அடையாள அட்டையைத் தம்பி கையில் கொடுத்து, "காட்டிட்டு நில்லுப்பா, அக்கா இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு என் வரிசைக்குப் போனேன். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிப்பாய் அவன் வயிற்றில் கை வைத்தான். அடுத்த கணம் அந்தச் சிப்பாய் பாம்பை மிதித்தவன் மாதிரிப் பின்னால் குதித்தான்.

துப்பாக்கி தம்பி பக்கம் நிமிர்ந்தது. "மே மொக்கத்த?" என்று சிப்பாய் சிங்களத்தில் கத்தினான், இது என்ன என்று. வயிற்றில் குண்டு கட்டியிருக்கிறான் என்று நினைத்து வரிசை சிதறி ஓடியது. எங்கிருந்தோ விசில் மேல் விசில். கையை உயர்த்தச் சொல்லி நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள். தம்பி கையை உயர்த்தத்தான் செய்தான், ஆனால் காதுவரைக்கும்தான். பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். அவன் குதிகால் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தேன். ஓடப்போகிறான் என்று எனக்குத் தெரியும். ஓடினால் சுடுவார்கள் என்பதும் தெரியும்.

நான் துணிக்கடையில் வேலை செய்பவள், நாள் முழுக்கப் பேசுவது சிங்களம்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அது வெறும் துணி, அவன் என் தம்பி, அவனுக்குச் சத்தம் ஆகாது, தயவுசெய்து விசிலை நிறுத்துங்கள் என்று சொன்னேன். ஓரடி முன்னால் வைத்தேன். இன்னொரு துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர்களில் மூத்தவர் ஒருவர் கையைக் காட்டினார். விசில் நின்றது. பஸ் என்ஜினையும் நிறுத்தச் சொன்னார். என்னைப் பார்த்து, கிட்டே போகாதே, அங்கிருந்தே சொல்லி அவிழ்க்கவை என்றார்.

என்ன சொல்வது? பயந்த குரலில் சொன்னால் அவன் இன்னும் மிரளுவான். தினமும் சாயந்தரம் சொல்வதையே, அடுப்படியில் நின்று சொல்கிற மாதிரிச் சொன்னேன். "தம்பி, வேல முடிஞ்சிருச்சுப்பா. படங்க அவுத்து மடிச்சு வையி."

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். கை காதை விட்டு மெல்ல இறங்கியது. சட்டைப் பொத்தானைக் கழற்றினான். முடிச்சை அவிழ்த்தான். சுற்றுச் சுற்றாகப் படங்கு வெளியே வந்தது. தூக்கிப் போட்டுத் தொலைத்திருக்கலாம். எங்கள் ஆள் அப்படிச் செய்வானா? நடுத்தெருவில், அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவில் மடிக்க ஆரம்பித்தான். மூலை சரியாகச் சேரவில்லை, பிரித்து மறுபடி மடித்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மடித்து முடித்துத் தரையில் வைத்தபின்தான் அந்த மூத்தவர் கிட்டே வந்தார்.

உடம்பைச் சோதிக்க வேண்டும் என்றார். லேசாகத் தடவாதீர்கள், அழுத்திப் பிடியுங்கள் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் அப்படியே செய்தார். தம்பி அசையாமல் நின்றான். பிறகு படங்கை எடுத்து அவனிடம் கொடுத்து, இனிமேல் சட்டைக்கு வெளியே கட்டு மல்லி என்றார். தம்பி என்று கூப்பிட்டதுபோல அது.

அப்படியேதான் கட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது எனக்கு. பல் டாக்டரிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னேன், தோளை அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் கேட்டேன். இரண்டும் கிடைத்தன. பல்லும் வந்தது.

அதுவரை 'பொறுத்துக்கோ, அடங்கி இரு' என்று தம்பிக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவனுக்காக மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றைக்கும் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ அவன் கை காதுக்குப் போனால் நானே எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன். துப்பாக்கி பிடித்து நின்றவர்களிடமே சத்தத்தை நிறுத்தச் சொன்னவள், மைக் பிடித்து நிற்பவரிடம் கேட்க எதற்குத் தயங்க வேண்டும்?