கணினி அறையின் கைப்பாஷை

அரசாங்கக் கணினி மையத்தில் துப்புரவு வேலை பார்த்தவளை எல்லாரும் ஸ்வெட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவள் ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை.

மழையையும் புயலையும் கணிக்கும் அந்த ராட்சதக் கணினிக்குக் குளிர் வேண்டும். குளிரூட்டும் விசிறிகளோ காதைப் பிய்க்கும். அதனால் அறைக்குள் எல்லாருக்கும் கைப்பாஷைதான். கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. முன்நெற்றியைத் தடவினால் டைரக்டர் வருகிறார், அவருக்கு வழுக்கை. ஏசி மெக்கானிக்கோடு அவள் பழகியதும் கைப்பாஷையில்தான். அவருக்கு இவ்வளவு மெல்லிய குரல் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அப்போதெல்லாம் விஞ்ஞானிகள் தங்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் வீட்டில் காத்திருப்பது போல வராந்தாவில் முறைக்காக உட்கார்ந்திருப்பார்கள். அவள் துடைத்த தரையில் செருப்பில்லாமல் நடப்பார்கள். இப்போது அரசாங்கம் இந்தக் கணினியை நிறுத்திவிட்டு, தூரத்து நகரத்தில் ஒரே பெரிய கணினியாக வைக்கிறது. கணக்குப் போடுகிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடலாம். யாரும் வர வேண்டாம்.

மெக்கானிக்குக்கு அங்கே வேலை உண்டு. அவளுக்கு இல்லை. "நீயும் வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?" என்று ஒரு வாரமாகக் கேட்கிறார். அவள் வாயே திறக்கவில்லை. கணினியை நிறுத்தும் அன்று அவர் டைரக்டரிடம் முடிவு சொல்லியாக வேண்டும்.

அன்று எல்லாரும் கணினியைச் சுற்றி நின்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து மெக்கானிக் இரண்டு விரலை நடக்கவிட்டு, அவளைச் சுட்டிப் புருவத்தை உயர்த்தினார். அவள் சொல்ல நினைத்ததற்குக் கைப்பாஷையில் வழியில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

"வர்றேங்க. ஆனா அந்த ஊர்ல உங்க அக்கா வீட்டுல ஒரு நாள்கூட தங்க மாட்டேன்."

பாதி வாக்கியத்தில் டைரக்டர் கணினியை நிறுத்திவிட்டார்; விசிறிகளும் நின்றுபோயின. மீதி, ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் கணீரென்று விழுந்தது. அவளுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

டைரக்டர் தன்னையறியாமல் நெற்றியைத் தடவினார்.

"குவார்ட்டர்ஸ் இருக்கேம்மா. இவர்தான் வேண்டாம்னுட்டார்."

"அக்கா கோவிச்சுக்கும்னு…" மெக்கானிக் முனகினார். அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

"அப்ப குவார்ட்டர்ஸ் போட்டுடறேன். வீட்டுச் சண்டையை இந்த மெஷின் இத்தனை வருஷமா மூடி வச்சிருக்கு," என்றார் டைரக்டர்.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அறை மெல்லச் சூடேறியது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"அங்க தண்ணியிலயே குளிர வைக்கிற மெஷின். உள்ள வேலை பார்க்கறவங்களுக்கே ஸ்வெட்டர் தேவைப்படாது," என்றார் மெக்கானிக்.

அவள் ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, இனி பேசினாலே கேட்கும் என்பதை மறந்து, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனாள்.