வெள்ளைத் துணியில் சொட்டிய சிவப்பு

நான் எட்டாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை கிளம்பிய காலையில், எங்கள் ஆட்டோமேட்டிக் காருக்கு அடியில் ஈரம் தெரிந்தது.

"ஏசி தண்ணி, அம்மணி. ஏறு" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய வெள்ளைத் துணியைக் காருக்கடியில் விரித்து, ஏசி போடாமல், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடச் சொன்னேன்.

"பெரிய மெக்கானிக்கு" என்று சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தார்.

பத்து நிமிடத்தில் துணியில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு.

"தண்ணி செவப்பாவாங்க இருக்கும்? புள்ளைங்கள ஏத்தமாட்டேனுங்க."

ஒர்க்‌ஷாப்காரர் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். "கியர்பாக்ஸ் ஆயில் குழாய் கசியுதுங்க. மலையில ஆயில் தீர்ந்திருந்தா, வண்டி ஏறாம நடுவழியில நின்னிருக்குமுங்க."

வீட்டுக்காரர் காரிலிருந்த பைகளை இறக்கினார்.

இப்போது வெளியூர் கிளம்பும்போதெல்லாம் துணி விரிக்கிறேன். நேரமாகிறது என்று யார் கத்தினாலும், அதைப் பார்க்காமல் யாரையும் ஏறவிடுவதில்லை.